பிளே தெரபி: விளையாட்டு எப்படிச் சிகிச்சை ஆகிறது?

தம்பியைக் கிள்ளிவிட்டு நிற்கும் நாலு வயதுக் குழந்தையிடம் "ஏன் கிள்ளினே?" என்று கேட்டால், "தெரியல" என்று பதில் வரும். இன்னும் கொஞ்சம் அதட்டினால் ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லும். நம் முகத்தைப் பார்த்து, நமக்கு எது திருப்தி தரும் என்று ஊகித்துச் சொல்கிற காரணம் அது. முதலில் சொன்ன "தெரியல"தான் உண்மை. பொறாமையும் பயமும் பாசமும் ஒன்றாகக் கிடந்து குழம்பும்போது, அவற்றைப் பிரித்துப் பெயர் சொல்லி விளக்கப் பெரியவர்களே திணறுகிறோம். நாலு வயதில் அதற்கான சொற்களே இன்னும் கைக்கு வந்திருக்காது.

அதே குழந்தையைப் பொம்மைகளோடு விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். பெரிய பொம்மை சின்னப் பொம்மையை நாற்காலியிலிருந்து தள்ளிவிடும். அம்மா பொம்மை ஓடிவந்து சின்னதை மட்டும் தூக்கிக்கொள்ளும். பெரிய பொம்மை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கேட்டுக் கேட்டும் வராத பதில், கேட்காமலே வந்து நிற்கிறது. பிளே தெரபி என்கிற விளையாட்டுச் சிகிச்சை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பெரும்பாலும் 3 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு இது தரப்படுகிறது. வாரம் ஒரு முறை, 30 முதல் 50 நிமிடம், பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் ஒருவருடன், அதே அறையில், அதே பொம்மைகளோடு. பொம்மை கொடுத்து இளக வைத்து, பிறகு மெல்ல விஷயத்தைக் கறப்பதுதான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விளையாட்டுக்குப் பிறகு வரும் பேச்சுக்காக யாரும் காத்திருப்பதில்லை, விளையாட்டிலேயே வேலை நடக்கிறது. தன் பிரச்சினையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒரு குழந்தை வாரக்கணக்கில் வந்து போகலாம், தேறியும் விடலாம்.

விளையாட்டுக்குள் என்ன நடக்கிறது?

ஊசி போட்டுக்கொண்டு வந்த குழந்தை வீட்டில் என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கரடி பொம்மையைப் படுக்க வைக்கும். "ஒண்ணும் இல்ல, வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே பேனாவால் ஒரு குத்து. கரடி அழும். மறுபடி ஒரு குத்து. இருபது முறை நடந்தாலும் அலுக்காது.

இந்தச் சின்னக் காட்சியில் மூன்று விஷயங்கள் நடக்கின்றன. ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பிடித்து அமுக்கினார்கள், அதன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. இங்கே ஊசி அதன் கையில் இருக்கிறது, எப்போது குத்துவது, எப்போது நிறுத்துவது என்பதை அதுவே முடிவு செய்கிறது. அப்புறம், அழுவது கரடிதான், தான் இல்லை. அந்த இடைவெளி இருப்பதால்தான் பயத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க முடிகிறது. மூன்றாவது, ஒரே நொடியில் வந்து தாக்கிய அனுபவத்தைக் குழந்தை சிறு சிறு துண்டாக, தன் வேகத்துக்குத் திரும்ப எடுத்துப் பார்க்கிறது. பல மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்கு முன்பே குழந்தைக்குப் பொம்மையும் முகமூடியும் ஊசியில்லாத சிரிஞ்சும் கொடுத்து விளையாட விடுவது இதனால்தான்.

இவ்வளவும் குழந்தை தானாகவே செய்துகொள்கிறது என்றால் தெரபிஸ்ட் எதற்கு? நியாயமான கேள்வி. பெரும்பாலான சின்னக் காயங்களுக்கு அவர் தேவையில்லைதான். ஆனால் எல்லா விளையாட்டும் ஆறுதல் தருவதில்லை. 1976-ல் கலிபோர்னியாவின் சௌச்சில்லா என்ற சிற்றூரில் 26 பள்ளிக் குழந்தைகளைப் பஸ்ஸோடு கடத்தி, மண்ணுக்கடியில் புதைத்து வைத்திருந்த ஒரு வண்டிக்குள் அடைத்தார்கள். எல்லோரும் உயிரோடு தப்பி வந்தார்கள். அந்தக் குழந்தைகளைப் பின்னாளில் சந்தித்து ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அவர்களுடைய விளையாட்டில் வித்தியாசமான ஒன்றைக் கவனித்தார். நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடினார்கள், ஆனால் அதில் குதூகலம் இல்லை, முடிவு மாறவில்லை, பதற்றமும் குறையவில்லை.

ஊசி விளையாட்டு நாலு நாளில் மாறிவிடும். கரடிக்கு மிட்டாய் கிடைக்கும், டாக்டருக்கே ஊசி விழும், பிறகு விளையாட்டே மறந்துபோகும். அதிர்ச்சியில் சிக்கிய விளையாட்டு நகராது. அதே காட்சி, அதே முடிவு, அதே இறுகிய முகம். அப்படி நின்றுபோன விளையாட்டைப் பத்திரமான ஓர் இடத்தில், துணைக்கு ஒருவர் இருக்க, மெல்ல நகர வைப்பதற்குத்தான் தெரபிஸ்ட் தேவைப்படுகிறார்.

கொஞ்சம் வரலாறு

1909-ல், உளப்பகுப்பாய்வு என்ற மனச் சிகிச்சை முறையைத் தொடங்கிய சிக்மண்ட் ஃபிராய்ட், குதிரைகளைக் கண்டு நடுங்கிய ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். சிகிச்சையைப் பெரும்பாலும் அவனுடைய அப்பா வழியாகவே நடத்தினார். குழந்தையோடு நேரடியாக உட்கார்ந்து அதன் விளையாட்டைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான் வந்தது. 1920-களில் ஃபிராய்டின் வழியில் வந்த மெலனி கிளைன் சின்னச் சின்னப் பொம்மைகளை மேசைமேல் பரப்பி வைத்தார். ஒவ்வொரு குழந்தையின் பொம்மைகளும் அதற்கென்று உள்ள இழுப்பறையில் பூட்டி வைக்கப்பட்டன. விளையாட்டின் ஒவ்வோர் அசைவிலும் ஆழ்மனத்தின் செய்தி இருக்கிறது, அதைக் குழந்தையிடமே எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. ஃபிராய்டின் மகள் அன்னா இதை ஏற்கவில்லை. குழந்தையின் நம்பிக்கையைப் பெறுவதற்கு விளையாட்டு உதவும், ஆனால் எல்லாவற்றுக்கும் உள்ளர்த்தம் தேடக் கூடாது என்றார். இருவரும் ஒரே ஊரில், லண்டனில், பல வருடம் மோதிக்கொண்டார்கள்.

அதே லண்டனில் 1928-ல் குழந்தைகளுக்கான சிகிச்சையகம் தொடங்கிய மார்கரெட் லோவன்ஃபெல்டு, இந்தச் சண்டையில் சேராமல் மணல் நிரப்பிய தட்டையும் சிறிய மனித, மிருக, வீட்டு உருவங்களையும் குழந்தைகளிடம் கொடுத்தார். அவர்கள் தாங்கள் கட்டியதற்கு "உலகம்" என்று தாங்களே பெயர் வைத்தார்கள். இன்று பல சிகிச்சை அறைகளில் காணும் மணல் தட்டு அந்த வழியில் வந்தது.

ஆனால் இன்றைய பிளே தெரபிக்கு உருக்கொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், என் கணிப்பில் அவர் அமெரிக்காவின் வர்ஜீனியா ஆக்ஸ்லின். 1947-ல் வெளிவந்த தன் நூலில் எட்டு விதிகளை வகுத்தார். குழந்தையை உள்ளபடியே ஏற்றுக்கொள், அவசரப்படுத்தாதே, வழியைக் குழந்தை காட்டட்டும், நீ பின்னால் போ என்பவை அவற்றில் முக்கியமானவை. படிக்கும்போது இது என்ன பிரமாதம் என்று தோன்றும். பத்து நிமிடம் ஒரு குழந்தையோடு உட்கார்ந்து, கேள்வி கேட்காமல், சொல்லித்தராமல், பாராட்டாமல் இருந்து பார்த்தால் எவ்வளவு கஷ்டம் என்பது விளங்கும்.

அறையும் பொம்மைகளும்

அறையில் இருக்கும் பொம்மைகள் கண்ணில் பட்டதை வாங்கிப் போட்டவை அல்ல. பொம்மைக் குடும்பம், பொம்மை வீடு, சொப்புச் சாமான், டாக்டர் பெட்டி, டெலிபோன் போன்றவை வீட்டு வாழ்க்கையைக் காட்ட. ரப்பர் கத்தி, சிப்பாய்கள், பாம்பு, டைனோசர் போன்றவை கோபத்தையும் பயத்தையும் காட்ட. களிமண், மணல், தண்ணீர், வண்ணங்கள் இருக்கும். பேட்டரியில் ஓடும் பொம்மைகளைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அவை தாமே ஆடிப் பாடிவிடும், குழந்தைக்கு அதில் வேலை இருக்காது. டிவியில் பிரபலமான கதாபாத்திரங்களும் அதிகம் இருக்காது, ஏனென்றால் அவை தங்கள் கதையோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். போன வாரம் இருந்த இடத்திலேயே இந்த வாரமும் ஒவ்வொரு பொம்மையும் இருக்க வேண்டும் என்பதில் தெரபிஸ்டுகள் கறாராக இருப்பார்கள். வீட்டில் எல்லாமே கலைந்து கிடக்கும் குழந்தைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

குத்தினால் விழுந்து தானே எழுந்து நிற்கும் காற்றடைத்த பொம்மை பற்றி மட்டும் துறைக்குள்ளேயே தகராறு உண்டு. கோபத்தைக் குத்தித் தீர்த்தால் ஆறிவிடும் என்பது பழைய நம்பிக்கை. பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளில், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதுதான் மிச்சம். அதனால் சிலர் அதை அறையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இன்னும் சிலர், குழந்தை யாரை நினைத்துக் குத்துகிறது, குத்திய பிறகு என்ன செய்கிறது என்று கவனிக்க அது வேண்டும் என்கிறார்கள்.

தெரபிஸ்ட் என்ன பேசுகிறார்?

உதாரணத்துக்கு ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். ஆறு வயதுப் பையன். வீட்டுக்கு ஒரு தங்கச்சிப் பாப்பா வந்து மூன்று மாதம் ஆகிறது. நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பது மறுபடி தொடங்கியிருக்கிறது. அறைக்குள் வந்ததும் குட்டிப் பாப்பா பொம்மையை எடுத்துக் குப்பைக்கூடையில் தலைகீழாகப் போடுகிறான். போட்டுவிட்டுத் தெரபிஸ்டின் முகத்தைப் பார்க்கிறான்.

நாமாக இருந்தால் "ஐயோ, பாப்பா பாவம் இல்லையா?" என்போம். தெரபிஸ்ட் சொல்வது: "பாப்பாவைக் குப்பைக்கூடையில போட்டுட்டே. அது சரியா இருக்கான்னு என்னையும் பாக்குறே."

அவ்வளவுதான். திட்டும் இல்லை, தலையாட்டலும் இல்லை. நான் உன்னோடு இருக்கிறேன், நீ செய்வதைப் பார்க்கிறேன், அதனால் உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்பது மட்டும் போய்ச் சேர்கிறது. பையன் கூடையின் மேல் ஒரு தலையணையை வைத்து அழுத்துகிறான். "அது வெளிய வரவே கூடாதுன்னு இருக்கு உனக்கு." பத்து நிமிடம் கழித்துத் தலையணையை நீக்கி எட்டிப் பார்க்கிறான். "அழுவுது," என்கிறான். "அது அழுறது உனக்குக் கேக்குது." பொம்மையை வெளியே எடுத்து மேசைமேல் வைக்கிறான், மடியில் இல்லை. அன்றைக்கு அத்தோடு சரி.

இந்தப் பேச்சில் இரண்டு விஷயம் மாறி மாறி வருகிறது. ஒன்று, குழந்தை செய்வதை அப்படியே சொல்வது. இன்னொன்று, அதில் தெரியும் உணர்வைச் சொல்வது. தனக்குள் நடப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அதை ஒரு பெரியவர் கேட்டும் பதறவில்லை என்று குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்கிறது. கோபம் வந்தால் கிள்ளுவதற்குப் பதிலாக "எனக்குக் கோபமா வருது" என்று சொல்லும் நாள் இதன் வழியாகத்தான் வரும்.

குழந்தை ஒரு பொருளைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் பல தெரபிஸ்டுகள் உடனே பெயர் சொல்ல மாட்டார்கள். "இங்க அது நீ என்ன நினைக்கிறியோ அதுவா இருக்கலாம்" என்பார்கள். படம் வரைந்து காட்டினால் "சூப்பர்!" கிடையாது. "வானம் முழுக்கச் சிவப்பு பூசியிருக்கே, விடாம உக்காந்து பூசினே" என்று வரும். பாராட்டுக்குப் பழகிய குழந்தை அடுத்த படத்தைப் பாராட்டுக்காகவே வரையும் என்பதுதான் காரணம். முதலில் இது எனக்கு அளவுக்கு மீறிய கண்டிப்பாகத்தான் பட்டது. ஆனால் நம்மைத் திருப்திப்படுத்துவதையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் குழந்தைகளைப் பார்த்தால் இதன் நியாயம் புரிகிறது.

எல்லாவற்றுக்கும் அனுமதி என்பதும் இல்லை. தன்னையோ தெரபிஸ்டையோ காயப்படுத்தக் கூடாது, வேண்டுமென்று பொருளை உடைக்கக் கூடாது. எல்லை வைக்கும் விதத்துக்கு, அமெரிக்கப் பிளே தெரபி பேராசிரியர் கேரி லாண்ட்ரெத் ஒரு மூன்று படி முறையைப் பிரபலமாக்கினார். பொம்மைத் துப்பாக்கியை நீட்டும் குழந்தையிடம் முதலில் உணர்வை ஒப்புக்கொள்வது: "என்மேல சுடணும்னு இருக்கு உனக்கு." பிறகு எல்லை: "ஆனா நான் சுடறதுக்கு இல்ல." பிறகு மாற்று: "அந்தச் சுவரைச் சுடலாம்." குரலை உயர்த்துவதில்லை, காரணம் விளக்கிப் பிரசங்கம் செய்வதில்லை. வீட்டிலும் இது வேலை செய்யும், கொஞ்சம் பொறுமை இருந்தால்.

குழந்தை வழி நடத்தும் இந்த முறையைத் தவிர, தெரபிஸ்டே விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் முறைகளும் உண்டு. சோப்புக் குமிழி விடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய குமிழி வர வேண்டுமானால் மெதுவாக, நீளமாக ஊத வேண்டும். "மூச்சை ஆழமா இழுத்து விடு" என்று ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்லிப் பயனில்லை. குமிழி அதைத் தானே கற்றுக்கொடுத்துவிடும். பயந்து படபடக்கும் குழந்தைக்கு உடம்பை அடக்கிக்கொள்ள அது ஒரு வழி. பல தெரபிஸ்டுகள் குழந்தையைப் பொறுத்து இரண்டு முறைகளையும் கலந்தே பயன்படுத்துகிறார்கள்.

குறி சொல்லும் வேலை இல்லை

கறுப்பு வண்ணம் பூசினால் மனச்சோர்வு, வீட்டுக்குக் கதவு வரையாவிட்டால் தனிமை என்று அட்டவணை போட்டு அர்த்தம் சொல்லும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. நம்பாதீர்கள். அன்றைக்குக் கூர் இருந்த கிரேயான் கறுப்பு ஒன்றாகவே இருந்திருக்கலாம். ஒரு தனிப் படத்தை வைத்தோ ஒரு நாள் விளையாட்டை வைத்தோ நல்ல தெரபிஸ்ட் எந்த முடிவுக்கும் வர மாட்டார். பல வாரங்களில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் எது, அது மாறுகிறதா என்றுதான் பார்ப்பார். தொலைந்துபோவது, காப்பாற்றப்படுவது, சாப்பாடு ஊட்டுவது, புதைப்பது, உடைந்ததைச் சரிசெய்வது என்று அது பல உருவில் வரும்.

உண்மையிலேயே பலன் உண்டா?

2005-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 93 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சை பெற்ற சராசரிக் குழந்தை, பெறாத குழந்தைகளில் சுமார் 79 சதவீதத்தினரைவிட நல்ல நிலையில் இருந்தது என்று சொல்லும் அளவுக்குப் பலன் தெரிந்தது. பெற்றோரும் சிகிச்சையில் பங்கெடுத்த இடங்களில் பலன் இன்னும் கூடுதல். குழந்தை வழி நடத்தும் முறையை மட்டும் எடுத்துக்கொண்ட 2015-ம் ஆண்டுத் தொகுப்பாய்வு 52 ஆய்வுகளைப் பார்த்தது. அதில் கிடைத்த பலன் நடுத்தரமானது. பல ஆய்வுகளில் குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு என்ற விமர்சனமும் இருக்கிறது. மொத்தத்தில், வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது, சர்வரோக நிவாரணி என்று விற்கவும் முடியாது.

கவலை, துக்கம், பெற்றோர் பிரிவு, வீடு மாறுவது, நீண்ட நோய், வீட்டில் பார்த்த வன்முறை, புதிதாக வந்த தம்பி தங்கை போன்ற இடங்களில் இது அதிகம் பயன்படுகிறது. கடும் அதிர்ச்சிக்குப் பிந்தைய அறிகுறிகளுக்கு, அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்குவது) ஆதாரம் அதிகம். ஏடிஎச்டி என்கிற கவனக்குறைவு, மிகைத் துடிப்புப் பிரச்சினை இருக்கும் குழந்தைக்குப் பெற்றோர் பயிற்சியையும் தேவைப்பட்டால் மருந்தையும் தள்ளிப்போட்டு இதை மட்டும் நம்புவது சரியில்லை. பேச்சு தாமதம், காது கேளாமை போன்றவை இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெற்றோரையே இந்த வேலைக்குப் பழக்கலாம் என்று 1960-களில் அமெரிக்க உளவியலாளர்களான பெர்னார்ட், லூயிஸ் கர்னி தம்பதி ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். அப்போது அது பெரிய துணிச்சல், ஏனென்றால் குழந்தையின் சிக்கலுக்குப் பெற்றோர்தான் காரணம் என்று பலர் பேசிக்கொண்டிருந்த காலம். லாண்ட்ரெத்தும் அவருடைய சகாக்களும் பின்னர் அதை 10 வாரப் பயிற்சியாகச் சுருக்கினார்கள்.

அதன் சாரம் வீட்டுக்கும் பொருந்தும். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், ஒரே ஒரு குழந்தையோடு. அந்த நேரத்துக்கு மட்டும் வெளியே வரும் கொஞ்சம் பொம்மைகள். போன் வேறு அறையில். என்ன விளையாடுவது என்று குழந்தை சொல்லட்டும். உங்களை நாயாக இருக்கச் சொன்னால் நாய்தான். நிறம் கேட்டு, எண்ணச் சொல்லிப் பாடம் நடத்தாதீர்கள். பார்ப்பதைச் சொல்லுங்கள், தெரியும் உணர்வைச் சொல்லுங்கள், வாய் அதிகம் பேச வேண்டாம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் ரகளைதான். அன்று காலை என்ன அடம் பிடித்திருந்தாலும் அந்த அரை மணியைத் தண்டனையாகப் பறிக்காதீர்கள். அதை நன்னடத்தைக்குக் கூலியாக்கினால் மறுபடி நம்மைத் திருப்திப்படுத்தும் வேலைதான் நடக்கும்.

தூக்கம், சாப்பாடு, பள்ளி, நண்பர்கள் என்று எல்லாவற்றையும் பாதிக்கும் மாற்றம் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால், அல்லது குழந்தை தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், சாகப்போவதாகச் சொன்னால், வீட்டு விளையாட்டோடு நிற்காமல் உடனே குழந்தைகள் மனநல நிபுணரிடம் போக வேண்டும். பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் பிளே தெரபிஸ்ட் என்று பலகை மாட்டிக்கொள்ள முடியும். எனவே உளவியல், கவுன்சலிங் அல்லது சமூகப் பணியில் பட்டம் இருக்கிறதா, பிளே தெரபிக்கென்று தனிப் பயிற்சி எடுத்தாரா, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்திருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். பெற்றோரிடம் பேசவே நேரம் ஒதுக்காத தெரபிஸ்ட் என்றால் இன்னொருவரைப் பார்ப்பது நல்லது.

தொடங்கிய பிறகு இரண்டு சங்கதிகளில் பெற்றோர் தடுமாறுவார்கள். ஒன்று, செஷன் முடிந்து வெளியே வரும் குழந்தையிடம் "இன்னிக்கு என்ன பண்ணினே? ஆன்ட்டிகிட்ட எல்லாம் சொன்னியா?" என்று கேட்பது. கேட்க வேண்டாம். தெரபிஸ்ட் உங்களிடம் பொதுவான போக்கைச் சொல்வார், ஒவ்வொரு விளையாட்டையும் சொல்ல மாட்டார். குழந்தைக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் கட்டாயம் சொல்வார். இன்னொன்று, முதல் சில வாரங்களில் வீட்டில் அடம் கூடலாம். இத்தனை நாள் அடக்கி வைத்தது வெளியே வரத் தொடங்கியிருக்கலாம். நிறுத்திவிடத் தோன்றும்போது நிறுத்துவதற்கு முன் தெரபிஸ்டிடம் பேசுங்கள்.

நிறுத்த வேண்டிய நேரம் வந்தாலும் திடீரென்று நிறுத்துவதில்லை. இன்னும் இத்தனை முறைதான் வருவோம் என்று குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லி, கடைசி சில செஷன்களை விடைபெறுவதற்கென்றே ஒதுக்குவார்கள். தன்னிடம் சொல்லாமல் யாரோ காணாமல் போனதால்தான் பல குழந்தைகள் அந்த அறைக்கே வந்திருப்பார்கள்.